கியூப் பாஸ்

கட்டடம் பார்க்கப் போகிற ஆய்வாளன் கட்டடத்தைப் பார்க்கக் கூடாது. ஆணையத்தில் ஜோதிலிங்கத்துக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்.

சொல்லிக்கொடுத்தவர் சேஷன். தலைநகரக் கட்டடத் தரக்காப்பு ஆணையத்தில் பயிற்சிப் பிரிவின் இணை இயக்குநர். தில்லியில் பிறந்து, சர்க்கார் குவார்ட்டர்ஸில் தவழ்ந்து, சர்க்கார் பென்ஷனை நோக்கி நிதானமாக நடந்துகொண்டிருந்த மனிதர். வகுப்பு இந்தியில்தான் நடக்கும். ஜோதியும் ஸ்ம்ருதி என்ற பெண்ணும் தமிழ்க்காரர்கள் என்று தெரிந்த பிறகு, முக்கியமான விஷயங்களுக்கு மட்டும் தமிழில் இறங்குவார்.

“தேகோ. பார்த்தா தெரிஞ்சுபோயிடும். தெரிஞ்சுபோனா பொறுப்பு வந்துடும். பொறுப்பு வந்தா பென்ஷன் போயிடும். சைட்ல ஒரு இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கினா, வீட்டுல அவன் பெண்டாட்டி பிள்ளைகள் தலை குனிய வேண்டிவரும். சமஜ் கயே?”

எல்லாரும் தலையாட்டினார்கள். ஜோதி மட்டும் கையைத் தூக்கினான்.

“அப்ப எதைத்தான் சார் பாக்கறது?”

“கியூபை,” என்றார் சேஷன். சொல்லும்போது குரல் தணிந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சொல்ல வேண்டிய வார்த்தை போலிருந்தது.

கியூப் என்பது வேறொன்றுமில்லை. தளத்துக்கோ தூணுக்கோ கான்கிரீட் ஊற்றும்போது அதில் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் கொட்டி, பெரிய வெல்லக் கட்டி மாதிரி சதுரமாக வார்த்து, சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் மெஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். லேசில் நொறுங்காவிட்டால் கியூப் பாஸ். கியூப் பாஸ் என்றால் கட்டடம் பாஸ். ஆணையத்தின் பரிசோதனைக் கூடத்தில் கியூபுக்கு ஏ.சி. உண்டு, வாசலில் வாட்ச்மேன் உண்டு. பாஸான கியூபை யாரும் காலால் தள்ளக் கூடாது, தாண்டக் கூடாது. அங்கே கூட்டிப் பெருக்கும் பெண்ணுக்கு மின்விசிறிகூடக் கிடையாது என்பது வேறு விஷயம்.

அன்றைக்கே வெள்ளை ஹெல்மெட்டும் கொடுத்தார்கள். மேடை போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஃபோட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். மஞ்சள் ஹெல்மெட் கூலி ஆளுக்கு; அது உடையலாம். வெள்ளை ஹெல்மெட்டில் தூசு படக் கூடாது. பட்டால் அந்த ஆய்வாளன் உள்ளே போயிருக்கிறான் என்று அர்த்தம்.

ஜோதி அந்த ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனான். அதற்காகத்தான் அவன் இத்தனை வருஷம் முட்டிமோதிப் படித்தது.

அவன் அப்பா ஏழுமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கிளம்பி வந்து தில்லியில் சென்ட்ரிங் பலகை அடித்தவர். அம்மா வள்ளியம்மை சித்தாள். ரயில் பாதை ஓரத்து ஜுக்கிக் குடிசையில் குடித்தனம். ஜோதி மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், நஜஃப்கர் பக்கம் ஒரு பாங்க்வெட் ஹாலுக்குப் போட்ட தளம் இறங்கி ஏழுமலையின் மேல் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் வெள்ளை ஹெல்மெட் போட்ட ஒருவர் காரில் வந்தார். மரத்தடியில் நாற்காலி போட்டார்கள். டீ குடித்தார். எதையோ கொண்டுவந்து காட்டினார்கள், பார்த்தார். போய்விட்டார். இடிந்து கிடந்த பக்கம் அவர் முகத்தைத் திருப்பவே இல்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனுக்கு அந்த முகம் மனதில் நிற்கவில்லை, ஹெல்மெட் நின்றுவிட்டது. அது என் தலையில் இருந்தால் நான் அண்ணாந்து பார்ப்பேன் என்று அன்றைக்கு நினைத்தான். அதற்கப்புறம் அவன் வாழ்க்கையில் வேறு ஆசை எதுவும் பெரிதாக வளரவில்லை.

“தொப்பி நல்லா கெட்டியாத்தாண்டா இருக்குது,” என்று வள்ளியம்மை அதைத் தட்டிப் பார்த்தாள். கலவைப் பாண்டு சுமந்து சுமந்து அவளுக்கு உச்சந்தலையில் ஒரு வட்டத்துக்கு முடி கிடையாது. அந்த வழுக்கையின் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு கண்ணாடி பார்த்துச் சிரித்தாள். “வேல பெர்மனன்டு ஆயிடுச்சின்னா குவார்ட்டர்ஸ் தருவானாம்ல?”

“தருவாங்கம்மா. ஒரு வருஷம் கெட்ட பேர் வாங்காம இருக்கணும்.”

“வாங்காத. வாய மூடிக்கினு இரு. வூடு வந்ததும் நான் சட்டியத் தூக்கி எறிஞ்சிடறன்.”

வாயை மூடிக்கொண்டிருப்பது சுலபம் என்றுதான் அவனும் நினைத்தான். மூன்றாவது வாரம் சேஷன் வகுப்பில் ‘ஆதர்ச ஆய்வு’ என்று ஒரு பாடம் எடுத்தார்.

“எல்லாம் புஸ்தகத்துல வராது. நானே பண்ணின ஒரு கேஸ் சொல்றேன். நஜஃப்கர் சைடுல ஒரு பாங்க்வெட் ஹால். ஸ்லாப் போட்டான், விழுந்துடுத்து. ஒரு லேபர் அவுட். மீடியா, போலீஸ், எம்.எல்.ஏ. ஆளு, எல்லாம் ஹாஜர். அந்தக் கட்டடத்துக்கு சர்டிஃபிகேட் கொடுத்தது நம்ம ஆணையம். என்ன பண்ணுவே, நீ சொல்லு.”

கேட்டவரே பதிலும் சொன்னார்.

“நான் பதறலை. நாற்காலி போடுன்னேன். டீ கொண்டுவான்னேன். அப்புறம் கியூபைக் கொண்டுவான்னேன். கொண்டுவந்தான். லேப்ல வெச்சு நசுக்கினா, மெஷின் திணறறது! அவ்வளவு ஸ்ட்ராங். எழுதிட்டேன். கட்டடம் விழுந்திருக்கு, வாஸ்தவம். ஆனா ஃபெயில் ஆகலை. விழறது வேற, ஃபெயில் ஆறது வேற. இந்த வித்தியாசம் புரியாதவன் இந்த உத்யோகத்துக்கு லாயக்கில்லை.”

“தென் ஒய் டிட் இட் ஃபால், சார்?” என்று ஸ்ம்ருதி கேட்டாள். தமிழை விட அவளுக்கு அது சௌகரியம்.

“வெரி குட் கொஸ்டின். அந்த லேபர், மத்ராஸிதான், முட்டுக்கட்டைக்குக் கீழே உக்காந்து பீடி குடிச்சிருக்கான். கட்டை பத்திண்டு, ஸ்லாப் இறங்கிடுத்து. பாவம், அவனும் போய்ட்டான். கேஸ் க்ளோஸ்.”

ஏழுமலைக்குப் பீடிப் பழக்கம் கிடையாது. வெற்றிலைதான். உட்கார்ந்தால் மிஸ்திரி திட்டுவான் என்று சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுகிற ஆள்.

வகுப்பு கைதட்டியது. சேஷன் தன்னடக்கத்தோடு தலையைத் தாழ்த்தி, கண்ணை மட்டும் மேலே தூக்கி யார் தட்டவில்லை என்று பார்த்தார். கட்டடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கூர்ந்து பார்க்கிற கண். ஜோதியும் தட்டினான். கொஞ்சம் தாமதமாகத் தட்டியதால் அவன் தட்டியது தனியாகக் கேட்டது.

“ஜோதி ரொம்ப இம்ப்ரெஸ் ஆயிட்டான்,” என்றார் சேஷன்.

இம்ப்ரெஸ் ஆன காரணத்தால் அவனைத் தன்னோடு தளத்துக்குக் கூட்டிப்போனார். ஆணையத்தின் சொந்தக் கட்டடம் அது. ஆய்வாளர்கள் குடியிருக்க ஆய்வாளர்களே மேற்பார்வையிட்டுக் கட்டும் அடுக்குமாடிக் குவார்ட்டர்ஸ். ஜோதிக்கு வேலை நிரந்தரமானால் கிடைக்கப்போவதும் அதில் ஒரு வீடுதான். இன்னொரு விஷயமும் உண்டு. அங்கேதான் வள்ளியம்மை பாண்டு தூக்கிக்கொண்டிருந்தாள்.

வாசலிலேயே நாற்காலியும் மேஜையும் குடையும் தயாராக இருந்தன. தேக்கேதாரின், அதாவது காண்டிராக்டரின், சைட் இன்ஜினியர் கிருஷ்ணபிரசாத், மதுரைக்காரர், கை கட்டி நின்றார். முந்திரி, லஸ்ஸி, பிளாஸ்டிக் பூ. மேஜைக்கு நடுவில் சிவப்புத் துணி விரித்து ஆறேழு கியூப்.

“சார், இந்தவாட்டி கியூபைப் பாருங்க. மொகம் பாத்துத் தலை சீவலாம். அப்படி வழுவழுன்னு இருக்கு.”

“அது சரி, நம்ம மிஸ்திரி சௌக்கியமா?” என்றார் சேஷன்.

கியூபுக்கென்றே தேக்கேதார் ஒரு மிஸ்திரி வைத்திருந்தான். தகரக் கொட்டகையில் ஃபேன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்குப் புது சிமென்ட் மூட்டை தனியாக வரும்; சலித்துக் கழுவிய மணல் வரும்; கலக்குவதற்கு ஆர்.ஓ. தண்ணீர் கேனில் வரும். கியூபை வார்த்து, குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் குளிப்பாட்டி, ஈரச் சாக்குப் போர்த்தி வைப்பான். கட்டடத்துக்குள் அவன் காலெடுத்து வைத்ததே இல்லை. பயமாக இருக்கிறது என்பான்.

கட்டடத்துக்குப் போகிற மசாலா வேறு. பழைய செங்கல் தூளும் வண்டல் மணலும், மேலாக்கத் தூவின சிமென்டும். சித்தாட்கள் கியூப் கலவையை ‘சாமி சோறு’ என்பார்கள். சாமிக்கு நெய் விட்டுப் படைக்கிறோம், நாம் கஞ்சியைக் குடிக்கிறோம், இதில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். வள்ளியம்மை வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். கேட்டுச் சிரித்தவன்தான் ஜோதி. ஆனால் வெள்ளை ஹெல்மெட்டோடு, முந்திரித் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைப் பார்ப்பது வேறாக இருந்தது.

அவன் அண்ணாந்து பார்த்தான்.

மேலே சாரத்துப் பலகையில் சித்தாட்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மாவும் போனாள். மகனைக் கண்டதும் முந்தானையை முகத்துக்கு இழுத்து விட்டுக்கொண்டாள். பெரிய அதிகாரிகளோடு வந்திருக்கிற பிள்ளைக்குச் சித்தாள் அம்மா என்று யாருக்கும் தெரியவேண்டாம் என்பது அவள் எண்ணம். முகத்தை மூடினதால் பலகை தெரியாமல் ஒரு கால் தடுமாறியது. ஜோதி ஓடினான். ஓடின வேகத்தில் தூணில் கையூன்றி நின்றான். அம்மா சமாளித்துக்கொண்டு போய்விட்டாள். தூணிலிருந்து அவன் கை வைத்த இடத்தில் மணல் சரசரவென்று உதிர்ந்து அவன் பூட்ஸ் மேல் கொட்டியது. உள்ளே கம்பி, துருப்பிடித்து, எலும்பு மாதிரி தெரிந்தது.

குடைக்கடியில் லஸ்ஸி கிளாஸ் கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

“ஜோதி,” என்றார் சேஷன், “நீ கட்டடத்தைத் தொட்டியா?”

தொட்டது நிரூபணமானதால் விசாரணைக் குழு அமைத்தார்கள். ஆணையத்தின் வரலாற்றில் ஒரு தூணுக்காக அமைக்கப்பட்ட முதல் குழு அது. நீள மேஜையின் ஒரு பக்கம் குழு, ஒரு பக்கம் ஜோதி, நடுவில் வெல்வெட்டில் ஒரு கியூப்.

“கை வெச்ச இடத்துல மணல் உதிர்ந்தது உண்மையா?” என்று சேஷன் கேட்டார். அவர்தான் குழுத் தலைவர்.

“உண்மை சார்.”

“நீ கை வைக்கறதுக்கு முன்னாடி அது உதிர்ந்து யாராவது பார்த்திருக்காளா?”

“யாருமே பாக்கறதில்லையே சார்.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. முன்னாடி உதிரலை. கை வெச்சே, உதிர்ந்தது. அப்போ தூணுக்குச் சேதம் பண்ணினது எது?”

ஜோதி தன் கையைப் பார்த்தான். குழுவும் பார்த்தது. விஞ்ஞான முறைப்படி எதையும் செய்ய வேண்டும் என்பதால், அதே கையால் மேஜை மேலிருந்த கியூபைத் தடவச் சொன்னார்கள். தடவினான். ஒரு துகள் உதிரவில்லை. அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினான். ஆகவே கான்கிரீட்டில் குறையில்லை, கையில்தான் குறை என்று முடிவாயிற்று. பள்ளிக்கூட லீவு நாட்களில் செங்கல் சுமந்து காய்ப்பேறிய கை. உள்ளங்கையில் இயல்புக்கு மீறிய சொரசொரப்பு என்று குழு பதிவு செய்தது. கூடவே ஒரு பொது உத்தரவும் போட்டார்கள்: தளத்தில் இருக்கும் நேரம் முழுக்க ஆய்வாளர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

தூணில் உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பூசி, மேலே பெயின்ட் அடித்து, ஆணையத்தின் சின்னத்தை வரைந்துவிட்டார்கள். இனி யாரும் தொடமாட்டார்கள்.

வெளியே வந்ததும் சேஷன் அவன் தோளில் கை போட்டார். “உன் மேல எனக்குக் கோபமில்லைடா. நானும் சின்ன வயசுல ஒரு தடவை தலையைத் தூக்கினவன்தான். எங்கப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். சேஷு, கட்டடம் விழறதுக்கு ஒரு நிமிஷம் போறும், ஒரு உத்யோகம் அமையறதுக்கு ரெண்டு தலைமுறை வேணும். உனக்கு அந்த மாதிரி சொல்ல யார் இருக்கா? அப்பா என்ன பண்றார்?”

“இல்ல சார். போய்ட்டாரு.”

“அடடா. ஹார்ட்டா?”

“பீடி சார்,” என்றான்.

“சொன்னா யார் கேக்கறா,” என்று சேஷன் உச்சுக்கொட்டினார்.

மழைக்காலம் ஆரம்பித்தது. ரயில் பாதை ஓரத்து ஜுக்கிகளை எடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. எடுக்க ஒரு காரணம் தேவைப்பட்டதால் அவற்றின் உறுதியைப் பரிசோதிக்கும் பொறுப்பு ஆணையத்துக்கு வந்தது. ஸ்ம்ருதியை அனுப்பினார்கள். அவள் விதிப்படி நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கியூபைக் கொண்டுவரச் சொன்னாள். ஜுக்கிக்கு ஏது கியூப்? கியூப் இல்லாத கட்டடம் ஃபெயில். அந்த வரிசை முழுக்க ஃபெயில். ஆணையம் பிறந்த நாளிலிருந்து ஃபெயில் போட்ட கட்டடங்கள் அவை மட்டும்தான்.

புல்டோசர் வந்த அன்று ஜோதி லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றான். ஏழுமலை ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிய சுவர். வேலை செய்த இடங்களில் மிச்சமான நல்ல சிமென்டாகப் பார்த்துக் கேட்டு வாங்கி வந்து கட்டியது. புல்டோசர் முட்டியது. சுவர் நின்றது. பின்னால் போய் இன்னொரு தடவை முட்டியது. எஞ்சின் இருமி அணைந்துவிட்டது. டிரைவர் இறங்கி வந்து, “அரே, கிஸ்னே பனாயா யே?” என்று, அதைக் கட்டியது யார் என்று கேட்டான். அப்புறம் பெரிய வண்டியாகக் கொண்டுவந்தார்கள்.

“ஸாரி ஜோதி, ஸச்சி,” என்று ஸ்ம்ருதி மறுநாள் கேன்டீனில் அழுதாள். “உன் வீடுன்னு எனக்கு பதா நஹி, தெரியலை. நீ அங்கயே இருந்தியா? நான் தலையே தூக்கலை.”

அவளைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. பாடத்தை ஒழுங்காகப் படித்த பெண்.

தாயும் பிள்ளையும் சாமான்களோடு மேம்பாலத்துக்கு அடியில் இருந்தார்கள். அந்த வாரம்தான் குவார்ட்டர்ஸுக்குத் தகுதிச் சான்று தயாரானது. சான்றில் ஒரு ஆய்வாளர் கையெழுத்துப் போட வேண்டும். மூத்த ஆய்வாளர் ஒருவருக்குத் திடீரென்று பல் வலி. இன்னொருவர் வைஷ்ணோ தேவிக்கு வேண்டிக்கொண்டது அப்போதுதான் ஞாபகம் வந்து கிளம்பிவிட்டார். ஒருவர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். எந்தக் கை என்பதில் மட்டும் அவருக்கு நாளுக்கு நாள் குழப்பம் இருந்தது. வீடு ஒதுக்கீட்டுக்கும் யாரும் மனு போடவில்லை. சேஷனுக்கு மோதி பாக் பழைய குவார்ட்டர்ஸை விட்டுவர மனசில்லை. அங்கே வேப்ப மரம் இருக்கிறதாம்.

“ஜோதி, உனக்கு லக் அடிக்கறது,” என்றார். “கையெழுத்துப் போடு. பழைய கதை எல்லாம் மறந்தாச்சு. பெர்மனன்ட் ஆர்டர், கூடவே கிரவுண்ட் ஃப்ளோர்ல வீடு. அம்மாவை ரோட்டுல வெச்சிருக்கியாமே? நன்னாவா இருக்கு?”

“சார், அந்தத் தூணு...”

“எந்தத் தூண்?” என்றார் சேஷன். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவர்தான் பார்த்ததே இல்லையே.

ஜோதி மேம்பாலத்துக்கடியில் போய் அம்மாவிடம் சொன்னான். அடுப்புக்கு மூன்று கல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“போட்டுட்டு வா,” என்றாள்.

“அம்மா, அந்த மசாலா என்னா மசாலான்னு ஒனக்குத் தெரியாதா? நீதான சொமந்த?”

“நான்தான் சொமந்தன். எனக்குத் தெரியாதா. இதுவரைக்கும் நான் சொமந்த எந்த வூட்டுக்குடா நல்ல மசாலா போட்டான்? எல்லாத்துலயும் ஆளுங்க இருக்காங்க. டிவி பாக்கறாங்க, புள்ள பெத்துக்கறாங்க.”

“அப்பா மேல வுழுந்ததும் அப்படித்தாம்மா.”

வள்ளியம்மை அடுப்பை ஊதினாள். ஈர விறகு. பற்றவில்லை.

“இங்க படுத்தா லாரி ஏறும். அங்க படுத்தா வூடு வுழும். வூடு என்னிக்கோ வுழும். லாரி இன்னிக்கே ஏறும்டா. எனக்கு ஒரு கதவு வோணும். உள்ளாற தாப்பா போட்டுக்கினு குளிக்கணும். அவ்ளதான்.”

தலைக்கு மேலே மேம்பாலம் வண்டிகளின் கனத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கும் எங்கோ ஒரு கியூப் பாஸாகியிருக்கும். ஜோதி அண்ணாந்து பார்க்கவில்லை. போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

விஸ்வகர்மா பூஜை அன்று திறப்பு விழா. குவார்ட்டர்ஸுக்கு எதிரே இருந்த மைதானத்தில், சாலையையும் தாண்டி, ஷாமியானா போட்டிருந்தார்கள். அவ்வளவு தூரத்தில் ஏன் என்று பந்தல்காரன் கேட்டதற்கு, ஃபோட்டோவில் கட்டடம் முழுசாக விழ வேண்டும் என்றார் கிருஷ்ணபிரசாத். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மேடையில் கியூப்களைப் பிரமிடாக அடுக்கிச் சாமந்தி மாலை போட்டிருந்தது. பண்டிட் கியூபுக்குத் திலகம் வைத்தார். கட்டடத்துக்கும் வைக்க வேண்டும் என்று கிளம்பினவரை, அங்கே வேண்டாம், இங்கிருந்தே காட்டினால் போதும் என்று தடுத்துவிட்டார்கள். வெள்ளை ஹெல்மெட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

சேஷன் பேசினார். கட்டடத்தை நம்பி யாரும் வாழ முடியாது, சான்றை நம்பித்தான் வாழ முடியும் என்றார். இந்த மாநகரத்தில் கோடிக்கணக்கான மக்கள் தினம் தூங்கி எழுந்திருக்கிறார்கள் என்றால் அது சிமென்டாலா, இல்லை, ஆணையத்தின் முத்திரையால் என்றார். எத்தனையோ கட்டடங்கள் விழுந்திருக்கலாம், ஆனால் நம் கியூப் ஒன்றுகூட இதுவரை தோற்றதில்லை என்றபோது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. ஏழைத் தாயின் பிள்ளை ஒருவன் தானே சான்றளித்த வீட்டில் தானே முதல் ஆளாகக் குடியேறுகிறான், இதைவிடத் தரத்துக்கு அத்தாட்சி உண்டா என்று கேட்டார். கைதட்டல் நின்று நிதானித்து ஓய்ந்தது.

“சார், அம்மா பால் காச்சறாங்க. ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க,” என்று ஜோதி மரியாதைக்குக் கூப்பிட்டான்.

சேஷன் தன் காலைப் பார்த்தார். “ஷூ கழட்டணுமே. இங்கயே கொண்டுவரச் சொல்லேன்.”

உள்ளே பெயின்ட் வாசனை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கின மாவிலை வாசலில் தொங்கியது. பால் பொங்கிவிட்டிருந்தது. வள்ளியம்மை குளித்து, தலை துவட்டி, நெற்றி நிறைய விபூதியோடு ஏழுமலையின் ஃபோட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக் குளித்த சந்தோஷத்தில் அவளுக்குப் பத்து வயது குறைந்திருந்தது.

“கெழக்கப் பாத்து மாட்டலாமா? ஒங்கப்பனுக்கு வெயில் வந்தா புடிக்கும்.”

எங்கிருந்தோ ஒரு நீள ஆணியும் அம்மிக் குழவியும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சுவரில் ஆணியை வைத்து ஓங்கினாள்.

“அடிக்காத!”

ஜோதி போட்ட கத்தலில் குழவி அந்தரத்தில் நின்றது. தன் குரலா அது என்று அவனுக்கே திகைப்பாக இருந்தது.

“ஏண்டா?”

சான்றில் கையெழுத்துப் போட்ட கையை நீட்டி அவன் குழவியைக் கேட்டான்.

“நீ பாஸ் போட்ட வூடுதானடா இது?” என்று சிரித்தாள் வள்ளியம்மை. அடித்தாள்.

ஒரே அடி. காலிக் கட்டடம் என்பதால் சத்தம் டொங்கென்று மாடி மாடியாக ஏறிப்போய், சாலையைத் தாண்டி மைதானம் வரை கேட்டது. ஜோதி ஜன்னல் வழியே பார்த்தான். ஷாமியானாவில் சமோசா பிடித்த கைகள் அப்படியே நின்றன. அப்புறம் நாற்காலிகள் சரியும் ஓசை. அத்தனை பேரும் ஒரே ஆளைப்போலப் பின்னால் நகர்ந்தார்கள். பண்டிட் கியூபைத் தாண்டி ஓடினார். சேஷன் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள மறந்து, இரண்டு கையாலும் ஹெல்மெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆணையம் தொடங்கிய நாள் முதல் இல்லாத காட்சி: எல்லா வெள்ளை ஹெல்மெட்டும் தலையைத் தூக்கி, வாய் பிளந்து, கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஆணி இறங்கின இடத்திலிருந்து மணல் கோடாக வழிந்தது. கொஞ்சம் பாலில் விழுந்தது.

“மெத்துன்னு எறங்குதுடா. நிக்காது போலயே. இன்னொரு போடு போட்டாத்தான் உண்டு,” என்று வள்ளியம்மை குழவியைத் திரும்ப ஓங்கினாள்.

ஜோதி பாய்ந்து வந்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து, ஆணிக்கு இரண்டு பக்கமும் சுவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

“கைய எடுடா,” என்றாள். “பட்டுறப்போவுது.”

அவன் எடுக்கவில்லை.